ஹெல்பர் வேலைக்குப் போன மாமனார்

ஜனவரி 18, ஞாயிறு

என் பெயர் காளியண்ணன். இதை எழுதியது நான்தான்.

ஜனவரி 19, திங்கள்

நேற்று எழுதியதை இன்று காலையில் படித்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. ராத்திரி எங்கும் போய்விடவில்லை.

சாயங்கால வகுப்பு டீச்சர், தினமும் கொஞ்சம் எழுதுங்கள், கை பழகும் என்றார். இந்த டைரியை மருமகள் மோகனா கொடுத்தாள். அவள் வேலை பார்க்கும் போர்வைக் கம்பெனி வருடா வருடம் எல்லோருக்கும் கொடுப்பது.

நாற்பது வருடம் லாரி ஓட்டினேன். புளியமரத்தையும் டீக்கடையையும் வைத்து ஊர் கண்டுபிடித்தவன். இப்போது அறுபத்தேழு வயதில் கரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லாப் பலகையையும் படிக்கிறேன். ‘ஆண்கள் கழிப்பிடம்’ என்று முழுதாகப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அவசரம் இல்லாவிட்டாலும் மரியாதைக்காக உள்ளே போய்விட்டு வந்தேன்.

கை வலிக்கிறது.

ஜனவரி 21, புதன்

இன்று பாப்பாவுக்கு ராகிக்கூழ் ஊட்டினேன். பாதி அவளுக்கு, பாதி என் சட்டைக்கு.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், மோகனா, பாப்பா மகிழினி. பாப்பாவுக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. என் மகன் கத்தாரில் இருக்கிறான். என் மனைவி பாவாயி போய் ஆறு வருடம் ஆகிறது. கம்பெனி இரண்டு தெரு தள்ளி இருப்பதால், காலையிலும் மதியத்திலும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போவேன். மோகனா இறங்கி வந்து வாட்ச்மேன் ரூமில் பால் கொடுத்துவிட்டுப் போவாள். அதுவரை வாட்ச்மேன் வெளியே நின்று வெயில் காய்வார்.

ஜனவரி 23, வெள்ளி

மோகனா பீன்ஸ் நறுக்கிய வேகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் டெல்லியில் கண்காட்சி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போர்வை பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். போர்வைகளின் கலரும் டிசைனும் மோகனா போட்டவை. அவளைத்தான் போகச் சொல்கிறார்கள். ஆர்டர் பிடித்தால் சீனியர் பதவியும் அவளுக்குத்தான். ஆனால் பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? கூட்டிப்போனால் யார் பார்த்துக்கொள்வது?

“என்கூட ஒருத்தர் வரணும், அவருக்கும் கம்பெனியே டிக்கெட் போடணும்னு முதலாளிகிட்ட கேட்டனுங்க மாமா.”

“என்ன சொன்னாரு?”

“‘கம்பெனி வேலைக்குப் போறது நீ. உன்ற மாமனாரு என்ன எனக்குத் துணியா நெய்யறாரு? வேணும்னா உன் காசுல கூட்டிட்டு வா. இல்லைன்னா அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லு, உன் செக்‌ஷன் கோகுல் போகட்டும்’னாருங்க.”

“நம்ம காசுலயே போயிட்டு வந்தர்லாமே கண்ணு?”

கத்தி நின்றது.

“போலாமுங்க. இன்னிக்கு நான் குடுத்தனா, நாளைக்கு எனக்குப் பின்னால வர்ற பொண்ணுக அத்தனை பேரும் குடுக்கோணும். கம்பெனி வேலையாத்தானே போறேன்? குடுக்க மாட்டன். குடுக்கலைன்னா போகவும் மாட்டன்.”

பீன்ஸ் பொரியலில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

ஜனவரி 24, சனி

யோசித்துப் பார்த்தால் முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாமனாருக்குக் கொடுத்தால் மச்சானும் கேட்பான். இதை மோகனாவிடம் சொன்னேன். மதியம் சாப்பாட்டைத் தட்டில் வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அப்புறம் யோசித்தால் அவள் சொல்வதே சரி என்று தோன்றியது.

ஜனவரி 26, திங்கள்

டீக்கடையில் ஆறுக்குட்டி உட்கார்ந்திருந்தான். அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். மூட்டை தூக்க, கடை விரிக்க என்று வருடா வருடம் அவனைத்தான் ஹெல்பராக டெல்லிக்கு அனுப்புவார்கள். முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்னடா?”

“என்ற பொண்டாட்டிக்கு இது நெற மாசமுங்க பெரிப்பா. மொத பிரசவம். சரியா அந்த வாரத்துல என்னைய டெல்லிக்குப் போவச் சொல்றாங்க. லீவு கேட்டா, ‘நீயா பெத்துக்கப் போறே’ங்கறாரு மேனேஜர்.”

“ஹெல்பருக்கு ரயில் டிக்கெட்டு, தங்கற எடம் எல்லாம் ஆரு குடுக்கறது?”

“எல்லாம் கம்பெனிதானுங்க.”

“சோறு?”

“அதுவும்தானுங்க.”

டீ நன்றாக இருந்தது. இன்னொன்று சொன்னேன்.

நான் அவனுக்கு ஒரு யோசனையும் சொல்லவில்லை. இடுப்புப் பிடிப்பு வந்தால் ஒரு மனிதன் எப்படி நடப்பான் என்று மட்டும் நடந்து காட்டினேன்.

ஜனவரி 28, புதன்

பாவம், ஆறுக்குட்டிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெட்டி தூக்கும்போது மேனேஜர் தங்கராசு கண் எதிரிலேயே விழுந்தானாம். நன்றாக விழுந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நான் தற்செயலாகக் கம்பெனியின் பின்பக்கம், குடோன் கேட் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாது. தற்செயலாகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தேன்.

“பெரியவரே, மூட்டை தூக்குவீங்களா?” என்றார் மேனேஜர்.

“லாரியே தூக்குவனுங்க.”

“டெல்லிக்குப் போகணும். அங்க குளிரு.”

“காஷ்மீர் வரைக்கும் லோடு அடிச்சிருக்கறனுங்க.”

“வயசு?”

“அம்பத்தெட்டுங்க.”

நான் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆகவே இது பொய்யில் சேராது.

ஜனவரி 29, வியாழன்

மோகனா பதில் சொல்லும் முன்பே அவள் போனில் டிக்கெட் வந்துவிட்டது. மூன்று பெயர்கள். மோகனா, மேனேஜர் தங்கராசு, காளியண்ணன்.

“மாமா! உங்க பேரு இருக்குதுங்க! கம்பெனியே போட்டுருக்குது!”

“அப்படியா கண்ணு? கம்பெனியே போட்டிருச்சா?”

“முதலாளி சென்னை போயிருக்காரு. நேர்ல சொன்னா தோத்த மாதிரி ஆயிரும்னு சத்தமில்லாமச் செஞ்சிருக்காரு பாருங்க. நான் கேட்டதுக்குக் கெடைச்சுதுங்க மாமா. நாளைக்கு எனக்குப் பின்னால வர்றவங்களுக்கும் கெடைக்கும்.”

அவள் பாப்பாவைத் தூக்கிச் சுற்றினாள். அப்புறம் ஆபீஸ் தோழிகள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தாள். எல்லோரிடமும் இதையே சொன்னாள்.

எனக்கு நெஞ்சு கொஞ்சம் கரித்தது. ஓமத்தண்ணீர் குடித்தேன். சாம்பாரில் புளி அதிகம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

இன்றும் நெஞ்சு கரித்தது. இன்று சாம்பார் வைக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய். ரயில்

ரயில் ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது.

ஈரோடு ஸ்டேஷனில் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் வந்தார்.

“யோவ் ஹெல்பர், பெட்டியெல்லாம் ஏத்தாம ஆரோட கொழந்தைய வெச்சுட்டு நிக்கறே?”

மோகனா திரும்பிப் பார்த்தாள். “ஹெல்பரா? சார், இவரு எங்க மாமனாருங்க.”

“மாமனாரா?”

“ஹெல்பரா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா ரயிலைப் பார்த்தாள்.

ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்பது நல்ல ஏற்பாடு. பெட்டிகளை ஏற்றினேன். ஏறியதும் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் தன் வேலை போய்விடும், ஆகவே தனக்கு எதுவும் தெரியாது, தன்னிடம் யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேல் பெர்த்தில் ஏறிக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குகிறார்.

மோகனா சேலம் வரை பேசவில்லை. சேலத்தில் பேசினாள்.

“ஊரெல்லாம் ஜெயிச்சுட்டன்னு சொல்லி வெச்சுருக்கறன் மாமா. நான் கேட்டது உரிமைங்க. நீங்க வாங்கிட்டு வந்தது வேஷம்.”

பாப்பாவுக்குத் துணி மாற்றினேன்.

பிப்ரவரி 4, புதன். இன்னும் ரயில்

நாக்பூர் வந்தது. ஆரஞ்சு வாசனை ஜன்னல் வழியாக ஏறியது. வாங்கி உரித்து மோகனாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். சரி, பேசலாம் என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“உங்க அத்தையை இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்திருக்கறன் கண்ணு.”

“நெசமாவா? எப்பங்க?”

அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆரஞ்சு மரத்தில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று பாவாயி கேட்டுக்கொண்டே இருப்பாள். லாரியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்பது என் முதலாளியின் சட்டம். கிளீனர் ஊருக்குப் போயிருந்த சமயம். என் காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டை உருமால் கட்டி, முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி அவளைக் கிளீனர் ஆக்கினேன். அவள் அஞ்சாவது வரை படித்தவள். ஓசூர் வரை எல்லாப் பலகையையும் எனக்குப் படித்துச் சொன்னாள். அதைத் தாண்டியதும் பலகையில் வேறு எழுத்து. “இனி நீங்களும் நானும் ஒண்ணு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாக்பூர் வரை நிற்கவில்லை. திரும்பி வந்ததும் லாரி முதலாளி அவளுக்குக் கிளீனருக்கான தினப் பேட்டாவும் கொடுத்தார். ‘உன் கிளீனர் வண்டியை நல்லாத் தொடைச்சிருக்கான், அவனையே வெச்சுக்க’ என்றும் சொன்னார். நான் வைத்துக்கொண்டேன்.

மோகனா வாய்விட்டுச் சிரித்தாள். மேல் பெர்த்தும் குலுங்கியது. எதுவும் தெரியாதவர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

சிரித்து முடித்ததும் மோகனா ஆரஞ்சுத் தோலை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க மாமா, அத்தைக்கு அவங்க பேர்லயே எடம் கெடைச்சிருந்தா மூஞ்சியில கிரீஸ் தடவியிருப்பாங்களா?”

பால் பாட்டில் கழுவ வேண்டியிருந்தது. எழுந்து போனேன். பாட்டில் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது. இன்னொரு முறை கழுவினேன்.

பிப்ரவரி 5, வியாழன். டெல்லி

மோசம் போய்விட்டேன். இங்கே எந்தப் பலகையிலும் நம் எழுத்து இல்லை. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்தவனை மறுபடியும் கைநாட்டு ஆக்கிவிட்டார்கள். கழிப்பிடத்தில் வரைந்திருந்த மீசையைப் பார்த்து உள்ளே போனேன்.

டீக்காரன் கொடுத்த நூறு ரூபாய் நோட்டின் பின்னால், பல எழுத்துகளுக்கு நடுவே, ‘நூறு ரூபாய்’ என்று தமிழில் இருந்தது! இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் எனக்குத் தெரியாது. சத்தமாகப் படித்தேன். டீக்காரன் நல்ல நோட்டுதான் என்று சத்தியம் செய்தான்.

மூட்டை பிரித்தேன், போர்வை மடித்தேன், கடை விரித்தேன். பின்பக்கத்தில் பெரிய கட்டில் ஒன்று போட்டு, மோகனாவின் கருநீலப் போர்வையை விரித்து, மெத்து மெத்தென்று நான்கு தலையணை அடுக்கினோம். பார்த்ததும் கண் சொக்கியது.

பிப்ரவரி 6, வெள்ளி

முதலாளி ரத்தினசாமி விமானத்தில் வந்து இறங்கினார். நேராகக் கடைக்குள் வந்தார். என்னைப் பார்த்தார்.

“நீ ஆரய்யா?”

“ஹெல்பருங்க.”

“இடுப்புல என்ன?”

“கொழந்தைங்க.”

“அது தெரியுது. ஆரோடது?”

“மோகனா அம்மாவோடதுங்க.”

“அது ஏன் உன்கிட்ட இருக்குது?”

“ஹெல்ப் பண்றனுங்க.”

அப்படியே முடிந்திருக்கும். ஆனால் மோகனா உள்ளேயிருந்து வந்து, “அவரு எங்க மாமனாருங்க சார். ஹெல்பர் பேர்ல வந்திருக்காரு. ரயில் ஏறறப்பத்தான் எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சப்பறமும் நான் எறங்கலைங்க” என்று சொல்லிவிட்டாள். நான் வளர்த்த பெண்ணாக இருந்தால் இவ்வளவு நேர்மை வந்திருக்காது.

முதலாளி மேனேஜரைத் தேடினார். மேனேஜர் டெல்லியிலேயே இல்லாத மாதிரி ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

“ஊருக்குப் போனதும் பேசிக்கறேன் மோகனா. சீனியர் போஸ்ட்டைப் பத்தியும் பேசிக்கறேன். அதுவரைக்கும் இந்தப் பெரியவரும் கொழந்தையும் என் கண்ணுல படக்கூடாது.”

மோகனா தலை குனியவில்லை. பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு இன்று ஓமத்தண்ணீரும் இல்லை.

பிப்ரவரி 7, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை முழுதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே குளிரில் நடந்தேன். மதியம் பாப்பாவுக்குக் கண் செருகியது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணில் படக்கூடாது என்றுதானே சொன்னார்? சாப்பிடப் போனவர் கண்ணில் எப்படிப் படுவோம்? கட்டிலில் பாப்பாவைக் கிடத்தினேன். உருண்டு விழாமல் இருக்கப் பக்கத்தில் நானும் சாய்ந்தேன். போர்வை கொஞ்சம் மேலே வந்தது. தானாக வந்தது.

அப்புறம் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் பல சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். போன்கள் படம் பிடிக்கும் சத்தம். பல பாஷையில் ‘உஸ்’ என்று சொல்லும் சத்தம், அது எல்லாப் பாஷையிலும் ஒன்றாகவே இருக்கிறது. எழுந்திருக்கலாம் என்று தூக்கத்திலேயே நினைத்தேன். எழுந்தால் பாப்பா விழித்துக்கொள்வாள். ஆகவே இன்னும் கொஞ்சம் தூங்கினேன். குறட்டையும் விட்டேனாம்.

முதலாளியின் குரல் கேட்டது. “என்ன இங்க கூட்டம்?”

கண்ணைத் திறந்தேன். கட்டிலைச் சுற்றி ஏகப்பட்ட பேர். எல்லோருக்கும் முன்னால் ஓர் உயரமான வெள்ளைக்கார அம்மா, போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முதலாளி அவருக்குப் பின்னால் நின்றார். என்னைக் கொல்ல வேண்டும், ஆனால் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். ஒரே முகத்தில் இரண்டையும் செய்தார்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பா விழித்து, சிரித்து, கருநீலப் போர்வையில் மூத்திரம் போய்விட்டாள்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

மோகனா மூடவில்லை. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். நனைந்த இடத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எடுத்து அந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே விரித்துக் காட்டினாள். பால் போல வெள்ளை. நீலம் துளிகூட ஒட்டவில்லை. அப்புறம் இங்கிலீஷில் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். நூல் என்ன, சாயம் என்ன, எத்தனை முறை துவைக்கலாம், எல்லாம் பேசியிருப்பாள். எனக்குப் புரியாவிட்டாலும் நிறுத்த மனமில்லாமல் கேட்டேன். அந்த அம்மா கைக்குட்டையை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்து மோகனா எதிரில் உட்கார்ந்தார். முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

இன்றைக்குச் சாயம் போனது முதலாளியின் முகத்தில் மட்டும்தான்.

சாயங்காலம் ஆறுக்குட்டி போன் செய்தான். பெண் குழந்தையாம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் ஓடியாடித் திரிந்தானாம். இடுப்பு சரியாகிவிட்டதா என்று கேட்டேன். “எந்த இடுப்புங்க?” என்றான்.

பிப்ரவரி 9, திங்கள்

கண்காட்சி முடிந்தது. அந்த அம்மாவின் ஆர்டர் உறுதியாகிவிட்டது. முதலாளி எனக்கு அவர் கையாலேயே டீ வாங்கிக் கொடுத்தார். நான் உஷாரானேன்.

“பெரியவரே, வர்ற ஜனவரியில ஜெர்மனியில கண்காட்சி. நீங்களும் கொழந்தையும் வந்துருங்க. இதே மாதிரி கட்டில் போட்டர்லாம். ஹெல்பர்னே எழுதிக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை.”

ஜெர்மனி! விமானம்! வாயில் ‘சரிங்க’ வந்துவிட்டது. மோகனாவைப் பார்த்தேன். அவள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கிரீஸ் தடவிய ஒரு முகம் ஞாபகம் வந்தது.

“ஹெல்பரா வரமாட்டனுங்க. எனக்கு அறுபத்தேழு வயசாச்சு.”

“அம்பத்தெட்டுன்னு தங்கராசு எழுதி அனுப்பியிருந்தாரே?”

“டெல்லிக் குளிர்ல ஏறிருச்சுங்க. மாமனாரா வேணும்னா வர்றனுங்க. மருமவ வேலை பாக்கறப்பப் பேத்தியைப் பாத்துக்கறவனா.”

“மாமனாருக்கெல்லாம் கம்பெனி குடுக்க முடியுமா? இன்னிக்கு மாமனாரு. நாளைக்குக் கோகுல் பொண்டாட்டியோட தாஜ்மகால் பாக்கப் போவான். நான் கோட்டை எங்க போடறது?”

மோகனா போர்வையைக் கீழே வைத்தாள்.

“கோடு நான் போட்டுத் தர்றனுங்க சார். ஊரு பாக்க வர்றவங்களுக்குக் குடுக்காதீங்க. ஆளில்லைன்னா நாங்க வேலைக்கே வர முடியாதுங்கற எடத்துல குடுங்க. பால் குடிக்கற கொழந்தைன்னா கொழந்தையைப் பாத்துக்க ஒருத்தர். அவ்வளவுதானுங்க கோடு. நீங்க ஏன் விமானத்துல வந்தீங்க? அலுப்பில்லாம வேலை பாக்கத்தானே? எனக்கும் அதுதானுங்க. போர்வை வித்தது இவங்க ரெண்டு பேரு தூக்கம் இல்லை சார், என்ற பேச்சு. கொழந்தை பக்கத்துல இருந்ததாலதான் பேச முடிஞ்சுது.”

முதலாளி டீயை ஊதினார். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“ஊருக்குப் போய்ச் சொல்றேன்” என்றார்.

மேனேஜர் பெட்டிக்குப் பின்னாலிருந்து, “அந்தப் பொண்ணு சொல்றது சரிதானுங்க” என்றார். டெல்லி வந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

பிப்ரவரி 12, வியாழன்

வீடு வந்தோம். வேட்டி துவைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு சுற்று எல்லாப் பலகையையும் படித்துவிட்டு வந்தேன். எல்லாம் சுகமாக இருக்கின்றன.

பிப்ரவரி 18, புதன்

காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். நோட்டீஸ் போர்டு முன்னால் பெண்கள் கூட்டம். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். மோகனாவும் நின்றாள்.

“எல்லாரும் படிச்சாச்சுங்க மாமா. நீங்க படிங்க. சத்தமா.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். விரல் வைத்துப் படித்தேன். பின்னால் வேலை மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

‘நிறுவனப் பணிக்காக வெளியூர் செல்லும் பெண் ஊழியர்கள், ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தையை உடன் அழைத்துச் சென்றால், குழந்தையைக் கவனிக்க வரும் குடும்பத்தினர் ஒருவரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் நிறுவனமே ஏற்கும்.’

கீழே இன்னொரு வரி. சீனியர் பதவி மோகனாவுக்கு.

கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியவில்லை. நான் ‘குடும்பத்தினர்’ என்ற வார்த்தையை மட்டும் மறுபடியும் ஒரு முறை படித்தேன். பாவாயி, உருமால் தேவையில்லை.

சாம்பிள் செக்‌ஷன் ஜெனிபர் அடுத்த மாதம் கைக்குழந்தையோடு சூரத் போகிறாளாம். அவள் அம்மா மாலையே வீட்டுக்கு வந்து, என்னவெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டார். வெள்ளைக் கைக்குட்டையை மறக்க வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ராகிக்கூழ் காய்ச்சும்போது ஒரு விஷயம் உறைத்தது. பாப்பா ஜூனில் பிறந்தவள். ஜெர்மனிக் கண்காட்சி வருகிற ஜனவரியில். அப்போது அவளுக்கு ஒன்றரையைத் தாண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும்.

கோடு போட்டது மோகனா. அதை என் கால் விரலுக்கு முன்னால் இழுத்துவிட்டது முதலாளி. கெட்டிக்காரர்! அரை மணி நேரம் தனியாகச் சிரித்தேன்.

மோகனாவிடம் சொன்னேன். அவளும் கணக்குப் போட்டுப் பார்த்து, “அடடா, உங்களுக்கு ஜெர்மனி போச்சுங்களே மாமா. அப்ப இவ சோறே திம்பா, பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்க” என்று வருத்தப்பட்டாள்.

“போனாப் போகுது கண்ணு. அங்கேயும் பலகை எல்லாம் வேற எழுத்தாத்தான் இருக்கும்.”

பிப்ரவரி 20, வெள்ளி

மகன் கத்தாரிலிருந்து போன் செய்தான். ஏப்ரலில் இரண்டு மாத லீவில் வருகிறான். மோகனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏப்ரல், மே, ஜூன் என்று பத்து விரலையும் மடக்கினேன். வருகிற ஜனவரிக்கு ஆகாது. அதற்கு அடுத்த ஜனவரி என்றால் கச்சிதமாக, கோட்டுக்கு உள்ளேயே வருகிறது.

“என்னங்க மாமா, வெரல் விட்டு எண்ணிட்டிருக்கீங்க?”

“எத்தனை எழுத்து எழுதுனேன்னு எண்றன் கண்ணு.”